கழற்றி மாட்டும் பல்செட் கச்சிதமாகப் பொருந்துவது எப்படி?



எங்கள் லேபைத் தாண்டிப் போகும் மெக்கானிக்கல் நண்பர்கள், "என்னப்பா, இன்னைக்கு எத்தனை பல்லு?" என்று கிண்டல் செய்வது வழக்கம். செய்யட்டும், பரவாயில்லை. ஆனா ஒரு விஷயம். நீங்க ஒர்க்‌ஷாப்பில் படிக்கிற லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ், ஃபவுண்டரியில் படிக்கிற ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ், சிவில் நண்பர்கள் மனப்பாடம் செய்கிற தண்ணீர்–சிமென்ட் விகிதம், இந்த மூன்றும் ஒண்ணா வந்து உட்காருகிற இடம் ஒரு மனுஷனுடைய வாய்! 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்திலேயே, பல்செட் செய்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் "டென்டல் மெக்கானிக்" என்றுதான் பெயர் கொடுத்தார்கள். ஆக, நாங்களும் ஒரு வகையில் மெக்கானிக்தான்.

எல்லாத் துறை நண்பர்களுக்கும் புரியும்படி, ஆனால் எங்கள் பிரிவு ஜூனியர்களுக்குப் பரீட்சைக்கும் பயன்படும்படி இந்தக் கட்டுரையை எழுத முயற்சி செய்திருக்கிறேன்.

டம்ளரில் தூங்கும் பல்செட்

சில பற்கள் மட்டும் விழுந்துபோய், மீதிப் பற்கள் நல்லபடியாக இருக்கிறவர்களுக்குச் செய்வது பகுதிப் பல்செட். காலையில் மாட்டி இரவில் கழற்றி வைக்கலாம். இதில் ஏழை வீட்டு அளவுக்கு வருவது, பிளாஸ்டிக் போன்ற ஆக்ரிலிக் தகட்டில் எஃகுக் கம்பிக் கொக்கி வைத்தது. கொஞ்சம் செலவு செய்தால் கோபால்ட்–குரோமியம் உலோகத்தில் வார்த்த ஃபிரேம் கிடைக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவரிடம் பல்செட் உண்டு. ஆனால் கல்யாணம், காதுகுத்து என்றால்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் டம்ளர் தண்ணீரில் தூக்கம்தான். கேட்டா, "போட்டா பேசலாம் கண்ணு, சாப்பிட முடியாது" என்பார். முறுக்கை உரலில் இடித்துத்தான் வாயில் போடுவார். பணம் கொடுத்துச் செய்த பல் சாப்பிட உதவவில்லை என்றால் அது பல்லா, நகையா?

பயன்படாமல் கிடந்தாலாவது நஷ்டம் பணத்தோடு போச்சு. சரியாகப் பொருந்தாத செட்டைப் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் மோசம். ஆடுகிற செட், தான் பிடித்திருக்கும் நல்ல பல்லையும் சேர்த்து ஆட்டும். ஈறு புண்ணாகும், பல்லுக்கும் செட்டுக்கும் இடையில் சோறு தங்கிச் சொத்தை விழும். கடைசியில் அந்தத் தூண் பல்லும் போய்விடும். அடுத்த செட் இன்னும் பெரிசாகச் செய்ய வேண்டி வரும். டிவான் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1952-ல் வலியுறுத்திய கருத்து எங்கள் துறையில் வேதவாக்கு மாதிரி: போன பல்லை வைப்பதைவிட இருக்கிற பல்லைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

65,536 வாய்கள், நாலே வகுப்பு

ஒரு தாடையில் 16 பற்கள். ஒவ்வொரு பல்லும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2-ஐ 16 தடவை பெருக்கிப் பாருங்கள்: 65,536 விதம்! இதையெல்லாம் தனித்தனியாகப் படிக்க முடியுமா? எட்வர்ட் கென்னடி 1925-ல் இதை நாலு வகுப்பாகச் சுருக்கிக் கொடுத்தார்.

முதல் வகுப்பு: இரண்டு பக்கமும் பின்பற்கள் இல்லை, இடைவெளிக்குப் பின்னால் தாங்கப் பல்லே கிடையாது.
இரண்டாம் வகுப்பு: அதே நிலை, ஒரு பக்கம் மட்டும்.
மூன்றாம் வகுப்பு: ஒரு பக்க இடைவெளி, அதற்கு முன்னாலும் பல், பின்னாலும் பல்.
நாலாம் வகுப்பு: முன்பக்கம், நடுக்கோட்டைத் தாண்டிய ஒரே இடைவெளி.

சிவில் பாஷையில் சொன்னால், மூன்றாம் வகுப்பு இரண்டு பக்கமும் தாங்கல் உள்ள பீம். முதல், இரண்டாம் வகுப்பு கேன்டிலீவர் மாதிரி. பாரம் எப்படி இறங்கும் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

'ஃபிட்' என்றால் என்ன?

ஐ.எஸ். 919 படித்தவர்களுக்கு 25 மி.மீ. ஷாஃப்டில் எச்7/ஜி6 ஃபிட் என்றால் தெரியும். துளை 0 முதல் 21 மைக்ரான் வரை கூடலாம், தண்டு 7 முதல் 20 மைக்ரான் வரை குறையலாம். இரண்டும் விறைப்பான எஃகு, அளவெடுக்க மைக்ரோமீட்டர் இருக்கு. எங்கள் வேலையில் ஒரு பக்கம் உலோகமோ ஆக்ரிலிக்கோ. மறுபக்கம் மூன்று விதமான ஆள்: அசையாத எனாமல், லேசாக அசையும் பல், அமுங்கும் ஈறு. மைக்ரோமீட்டர் வைத்து வாய்க்குள் அளக்க முடியாது. அதனால் ஃபிட் என்பதை மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேட்கிறோம்.

1. கடிக்கும்போது செட் ஈறுக்குள் புதையாமல் நிற்கிறதா? இது தாங்குதல். பல்லின் மேல் உட்காரும் சின்ன நாக்கு போன்ற 'ரெஸ்ட்' இதைச் செய்கிறது.
2. ஒட்டுகிற பண்டம் சாப்பிட்டாலும் கழன்று வராமல் இருக்கிறதா? இது பிடிப்பு. கிளாஸ்ப் எனும் கொக்கி நுனி இதைச் செய்கிறது.
3. பக்கவாட்டில் ஆடாமல் இருக்கிறதா? இது நிலைப்பு. தகடும், கொக்கியின் விறைப்பான பகுதியும், பல்லை உரசி நிற்கும் பகுதிகளும் சேர்ந்து செய்கின்றன.

நம்மில் பலர் இரண்டாவதை மட்டும் பார்த்து, "இறுக்கமா இருக்கு, அப்போ நல்ல ஃபிட்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இறுக்கம் வேறு, பொருத்தம் வேறு. வார்ப்பு கோபால்ட்–குரோமியம் கிளாஸ்பின் நுனி பல்லின் வயிற்றுக்குக் கீழே வெறும் 0.25 மி.மீ. பள்ளத்தில் நுழைந்தால் போதும். வளையும் தன்மை அதிகமுள்ள கம்பிக் கிளாஸ்புக்கு 0.5 மி.மீ. வரை போகலாம். மாட்டும்போதும் கழற்றும்போதும் வளைந்துவிட்டு, உட்கார்ந்தபின் கிளாஸ்ப் சும்மா இருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகும் பல்லை அழுத்திக்கொண்டே இருந்தால் அது பிடிப்பு இல்லை, பல்லைப் பிடுங்கும் கருவி!

இந்த 0.25 என்ற எண்ணை மறக்காதீங்க. கீழே வருகிற ஒவ்வொரு தப்பையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும்.

சர்வேயர்: எங்கள் தியோடலைட்

மாடலை ஒரு சாயும் மேசையில் வைத்து, மேலிருந்து செங்குத்தாக இறங்கும் கம்பியால் ஒவ்வொரு பல்லையும் தொட்டுப் பார்க்கும் கருவி சர்வேயர். விற்பனைக்கு வந்த முதல் சர்வேயர் 1923-ல் வந்த நே சர்வேயர்.

செட் எந்தத் திசையில் உள்ளே இறங்கி, எந்தத் திசையில் வெளியே வரப் போகிறது என்பதை இதில்தான் முடிவு செய்கிறோம். திசை முடிவானதும் கார்பன் பென்சிலால் ஒவ்வொரு பல்லிலும் அதிகமாகப் புடைத்த கோட்டை வரைகிறோம். கோட்டுக்கு மேலே விறைப்பான பகுதி, கீழே கிளாஸ்ப் நுனி மட்டும். நுனி போகும் இடத்தை 0.25 மி.மீ. கேஜ் வைத்துக் குறிக்கிறோம். மற்ற பள்ளங்களை எல்லாம் மெழுகால் அடைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் விறைப்பான தகடு பள்ளத்துக்குள் வளர்ந்து, பல்செட் மாடலை விட்டும் வராது, வாய்க்குள்ளும் போகாது.

மேசையிலிருந்து மாடலை எடுக்கும் முன், ஒரே உயரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று புள்ளிகள் குறித்து வைக்க வேண்டும். மூன்று புள்ளி ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்பது நம்ம ஜியோமெட்ரிதானே? அதே சாய்வுக்கு மாடலைத் திரும்பவும் கொண்டுவர இதுதான் வழி.

அச்சு: கடல் பாசியின் உதவி

வாயில் அளவெடுக்க அதிகம் பயன்படுவது ஆல்ஜினேட். பழுப்புக் கடல்பாசியிலிருந்து வருவது. நம்ம மண்டபம், ராமேஸ்வரம் கரையோரம் எடுக்கிற சர்காசம், டர்பினேரியா பாசிகளும் ஆல்ஜினேட் தொழிலுக்குப் போகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகார் வருவது தடைப்பட்டபோதுதான் பல் மருத்துவத்தில் ஆல்ஜினேட் வேகமாக முன்னுக்கு வந்தது.

அளவெடுப்பது டாக்டர். ஆனால் அது கெட்டுப்போவது பெரும்பாலும் எங்கள் மேசையில்தான். ஏன் என்றால் அச்சில் பெரும்பகுதி தண்ணீர். காற்றில் வைத்தால் தண்ணீர் வெளியேறிச் சுருங்கும். தண்ணீரில் போட்டு வைத்தால் உறிஞ்சி வீங்கும். எப்படிப் போனாலும் அளவு போச்சு. அதனால்:

அ) டிரேயின் சுவருக்கும் பல்லுக்கும் இடையில் குறைந்தது 3 மி.மீ. ஆல்ஜினேட் இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் வெளியே எடுக்கும்போது கிழியும், உருக்குலையும்.
ஆ) நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் உறைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் கலக்கினால் நேரம் கிடைக்கும். பவுடரைக் கூட்டிக் குறைத்து நேரத்தைச் சரிசெய்யக் கூடாது.
இ) வெளியே எடுக்கும்போது ஆட்டி ஆட்டி எடுக்காமல் ஒரே வெடுக்கில் எடுக்க வேண்டும்.
ஈ) கழுவி, கிருமிநாசினி தெளித்து, உடனே ஸ்டோன் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தாமதம் தவிர்க்க முடியாவிட்டால் ஈரத் துணி சுற்றி மூடிய பெட்டியில் வைக்கலாம். "மத்தியானம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

ஸ்டோன்: இங்கே சிவில்காரர்கள் கவனிக்கவும்

பிளாஸ்டரும் டென்டல் ஸ்டோனும் ரசாயனப்படி ஒன்றேதான், கால்சியம் சல்ஃபேட் ஹெமிஹைட்ரேட். 100 கிராம் உறைய ரசாயனக் கணக்குப்படி 18.6 மி.லி. தண்ணீர் போதும். ஆனால் குழைய வேண்டுமே! பிளாஸ்டர் துகள் ஓட்டை நிறைந்தது, 45 முதல் 50 மி.லி. கேட்கும். மூன்றாம் வகை ஸ்டோனுக்கு 28 முதல் 30, நாலாம் வகைக்கு 22 முதல் 24 போதும். மிச்சத் தண்ணீர் பின்னால் ஆவியாகி ஓட்டையை விட்டுப் போகும். தண்ணீர் அதிகமானால் கான்கிரீட் பலம் இழப்பது போலத்தான் இதுவும்.

உறையும்போது இவை விரிவடையும். பிளாஸ்டர் 0.3 சதவீதம் வரை, மூன்றாம் வகை ஸ்டோன் 0.2 சதவீதத்துக்குள், நாலாம் வகை இன்னும் குறைவு. தாடையின் இரு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே 55 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.3 சதவீதம் என்றால் 0.165 மி.மீ. நம் 0.25-ல் பாதிக்கு மேல் இங்கேயே காலி! வேலை மாடலைப் பிளாஸ்டரில் ஊற்றாதே என்று சார் கத்துவதன் காரணம் இதுதான்.

தண்ணீரில் பவுடரைப் போட்டு (பவுடரில் தண்ணீரை அல்ல), வைப்ரேட்டரில் வைத்து, ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓட விடணும். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மாடலைப் பிரித்துவிடலாம். ராத்திரி முழுக்க அச்சிலேயே விட்டால் மாடலின் மேற்பரப்பு மாவு மாதிரி ஆகும். மாடலை வெறும் குழாய்த் தண்ணீரில் ஊறப் போடுவதும் தப்பு. ஜிப்சம் கொஞ்சம் கரையும். ஸ்டோன் தூள் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

ஆக்ரிலிக்: பொறுமைக்குப் பரீட்சை

மோனமர் திரவம் மட்டும் பாலிமராக மாறினால் கன அளவில் 21 சதவீதம் சுருங்கும். அதனால்தான் ஏற்கெனவே பாலிமர் ஆன பவுடர் மூன்று பங்கு, திரவம் ஒரு பங்கு என்று கலக்கிறோம். சுருக்கம் சுமார் 7 சதவீதமாகக் குறைகிறது. நடைமுறையில் நீளவாக்கில் தெரிவது 0.2 முதல் 0.5 சதவீதம். 55 மி.மீ.க்கு 0.5 சதவீதம் என்றால் 0.275 மி.மீ. பார்த்தீங்களா, மறுபடியும் அதே அளவு!

கலவை மணல் பதம், நூல் பதம் தாண்டி மாவுப் பதத்துக்கு வரும்போது பிளாஸ்கில் அடைக்க வேண்டும். சப்பாத்தி மாவு கையில் ஒட்டாமல் வருமே, அந்தப் பதம். நடுவில் பாலிதீன் தாள் வைத்து இரண்டு மூன்று முறை அழுத்தி, பிதுங்கியதை வெட்டி, கடைசியில் பிளாஸ்கின் இரு பாதியும் உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். நடுவில் மெல்லிய சவ்வு மிஞ்சினாலும் அந்தக் கனத்துக்கு கடி உயர்ந்துவிடும்.

வேகவைப்பதில் இரண்டு நல்ல வழி: 74 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம், அல்லது 74 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு கொதிநீரில் 1 மணி நேரம். மோனமர் கொதிப்பது 100.8 டிகிரியில். எடுத்தவுடனே கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தடித்த பகுதியின் உள்ளே மோனமர் ஆவியாகி, இட்லி மாதிரி துளைத்துளையாக வரும்.

வெந்தபின் ஆறுவதுதான் பலர் கோட்டை விடும் இடம். ஆக்ரிலிக்கின் வெப்ப விரிவு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 81 பங்கு. 100-லிருந்து 25 டிகிரிக்கு ஆறினால், கட்டில்லாமல் விட்ட 55 மி.மீ. துண்டு சுமார் 0.33 மி.மீ. சுருங்கும். பிளாஸ்குக்குள் பிளாஸ்டர் அதைப் பிடித்து வைத்திருப்பதால், சுருக்கத்தின் ஒரு பகுதி உள் அழுத்தமாகத் தங்கிவிடுகிறது. சூடாகப் பிளாஸ்கைத் திறந்தால் அந்த அழுத்தம் விடுபட்டு செட் முறுக்கிக்கொள்ளும். மேல்தாடைச் செட்டில் அண்ணத்தின் பின்பக்க நடுவில் இடைவெளி அதிகம் தெரியும். ராத்திரி முழுக்க மேசையிலேயே ஆறவிடுவது உத்தமம். பாலிஷ் போடும்போது சூடேற்றினாலும் அதே கதைதான். முடித்த செட்டைத் தண்ணீரில் வைத்துக் கொடுக்கணும். கொஞ்சம் நீரை உறிஞ்சி விரிவது சுருக்கத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும். வெந்நீரில் கழுவக் கூடாது என்று பேஷண்டிடமும் சொல்லி அனுப்புங்க.

உலோக ஃபிரேம்: ஃபவுண்டரி நண்பர்களுக்கு

எஃகு வார்ப்புக்கு மீட்டருக்கு 20 மி.மீ. அலவன்ஸ் விடுகிறீர்கள். கோபால்ட்–குரோமியமும் 2 முதல் 2.3 சதவீதம் சுருங்கும். 55 மி.மீ.க்கு 1¼ மி.மீ.! பேட்டர்னைப் பெரிதாகச் செய்து இதைச் சரிக்கட்ட எங்களால் முடியாது, ஏனென்றால் பேட்டர்ன் மாடலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அச்சு மண்ணையே விரிய வைக்கிறோம். ஒரிஜினல் மாடலை அகாரில் படியெடுத்து, இன்வெஸ்ட்மென்ட் பொருளிலேயே இன்னொரு மாடல் ஊற்றி, அதன் மேல் மெழுகு ஃபிரேம் அமைத்து, மேலும் இன்வெஸ்ட்மென்ட் ஊற்றி, சூளையில் சூடாக்குகிறோம். உறையும்போது கொஞ்சம் விரியும். சூடாகும்போது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் ஆகியவை உருமாறி இன்னும் விரியும். இந்த விரிவும் உலோகச் சுருக்கமும் சமமானால் ஃபிட் கிடைக்கும்.

இந்த உலோகம் உருக 1,300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஜிப்சம் கலந்த இன்வெஸ்ட்மென்ட் அந்தச் சூட்டில் சிதைந்து கந்தக வாயு விடும். அதனால் பாஸ்பேட் வகைதான். அதோடு கொடுக்கும் சிலிக்கா திரவத்தில் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க விரிவு குறையும். கம்பெனி சொன்ன அளவை அளவு ஜாடியில் பார்த்து ஊற்றுங்கள், கண்ணால் பார்த்து அல்ல.

இப்போது வாய்க்குள்ளேயே ஸ்கேனர் வைத்து, கம்ப்யூட்டரில் டிசைன் செய்து, உலோகத் தூளை லேசரால் உருக்கி ஃபிரேம் அச்சிடும் முறையும் வந்துவிட்டது. மெழுகும் சூளையும் வேண்டாம். ஆனாலும் மாட்டும் திசை, 0.25 பள்ளம், ரெஸ்டின் கனம் எல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். தப்பான டிசைனை மெஷின் ரொம்பத் துல்லியமாகத் தப்பாகவே செய்து கொடுக்கும்!

கேன்டிலீவர் பிரச்சினை

முதல், இரண்டாம் வகுப்பு செட்டில் முன்பக்கம் பல் தாங்கும், பின்பக்கம் ஈறு தாங்கும். பல் கடியில் மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான் அசையும்; ஈறு அதைப்போலப் பல மடங்கு அமுங்கும். ஒரு பக்கம் கருங்கல், மறுபக்கம் களிமண்! கடிக்கும் ஒவ்வொரு தடவையும் பின்முனை இறங்கி, தூண் பல்லை நெம்பும்.

இதற்கு ஒரு வழி, மாற்று மாடல் முறை. முதலில் உலோக ஃபிரேமைச் செய்து வாயில் சரியாக உட்காரவைத்து, அதன் பின்பகுதியில் தனி டிரே ஒட்டி, ஈறை மட்டும் மறுபடி அளவெடுக்கிறார்கள். பழைய மாடலில் அந்த ஈறுப் பகுதியை அறுத்து எடுத்துவிட்டு, புது அச்சோடு ஃபிரேமை உட்காரவைத்துப் புதிதாக ஸ்டோன் ஊற்றுகிறோம். அளவெடுக்கும்போது ரெஸ்டுகளை மட்டுமே விரலால் அழுத்த வேண்டும். பின்முனையை அழுத்தினால் முறையே வீண்.

கொடுக்கும் முன் ஐந்து சோதனை

1. உள்பக்கத்தை விரலாலும் லென்ஸாலும் பாருங்கள். ஸ்டோனில் இருந்த காற்றுக் குமிழி அங்கே சின்னக் கொப்புளமாக முளைத்திருக்கும்.
2. ரெஸ்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறதா? ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பக் கூடாது.
3. மாடலில் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்காதீர்கள். ஸ்டோன் தேய்ந்து, பொய் ஃபிட் காட்டும்.
4. வாயில் உட்காராவிட்டால் பலம் போட்டுத் தள்ளக் கூடாது. தடுக்கும் இடத்தைக் காட்டும் மெழுகோ, அழுத்தம் காட்டும் பசையோ தடவி, அது விலகித் தெரியும் புள்ளியை மட்டும் டாக்டர் தேய்ப்பார். மொத்தமாகத் தேய்த்தால் ஆடும்.
5. ஃபிட் சரியான பிறகே கடியைப் பார்க்க வேண்டும். உட்காராத செட்டில் கடியைத் தேய்ப்பது, சக்கரம் மாட்டாத வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது போல.

முடிவுரை

அச்சில் கொஞ்சம், ஸ்டோனில் கொஞ்சம், ஆக்ரிலிக்கில் கொஞ்சம் என்று ஒவ்வொரு படியிலும் 0.1, 0.2 மி.மீ. ஓடுகிறது. விரிவும் சுருக்கமும் ஒன்றையொன்று ஈடு செய்தால் அதிர்ஷ்டம். ஒரே பக்கம் சேர்ந்தால் செட் டம்ளருக்குத்தான் போகும். அதிர்ஷ்டத்தை நம்பாமல் தராசையும், அளவு ஜாடியையும், கடிகாரத்தையும் நம்புவதுதான் டிப்ளமோ படித்தவனுக்கு அழகு.

நாம் செய்யும் பொருளை வாங்குபவருக்கு மைக்ரான் தெரியாது, கென்னடி தெரியாது. கடலை மிட்டாய் கடிக்க முடிகிறதா என்பது மட்டும் தெரியும். நமக்கு மார்க் போடும் கடைசி எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அவர்தான். அவரிடம் பாஸ் ஆவோம், நண்பர்களே!